பத்தரை மணிக்கு வந்த கைகள்

எங்கள் பாடசாலை வாவியை ஒட்டி இருக்கிறது. மேல்மாடியிலுள்ள பழைய ஆய்வுகூடத்தின் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்தான். காலை வேளையில் அந்தத் தண்ணீரின் வெளிச்சம் உட்கூரையில் விழுந்து அசையும். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் கட்டடமே மெல்ல நகர்கிறதோ என்று தோன்றும். அந்த அறையில் ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. முன்பு அமிலப் போத்தல்கள் வைத்திருந்த அலுமாரி. மாணவரிடமிருந்து எடுத்த போன்களை அதற்குள்தான் வைத்தோம். பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். அந்த நாட்களில் ஒழுக்காற்றுக் குழுவும் என் பொறுப்பில் இருந்தது. போன் பற்றிய விதியை எழுதியவளும் நான்தான்.

கொரோனாக் காலத்தில் பிள்ளைகளுக்கு எப்படியாவது ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரைக் கெஞ்சியவர்கள் நாங்கள். கிரான் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி வயல் வரம்பில் நடந்துகொண்டே என் வகுப்பைக் கேட்டார்கள். எனக்குக் காற்றின் இரைச்சலும் நாய் குரைப்பும் கேட்கும், இடையில் ஒரு குரல், "டீச்சர், கேக்குதா?" பாடசாலை திறந்தபோது போன்களும் கூடவே வந்தன. சாப்பாட்டுப் பெட்டிக்குள், காலுறைக்குள், அகராதியின் நடுவே. பிறகு யாரோ இணையத்தில் ஒரு பொய்க் கணக்குத் திறந்து, விளையாட்டுப் போட்டியில் எடுத்த பெண்பிள்ளைகளின் படங்களைப் போட்டு, கீழே கண்டபடி எழுதினார்கள். தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. அவளைப் பார்க்கப் போன எனக்கு முகத்தைக் காட்டாமல், கதவுத் திரைக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னாள். திரும்பி வந்த அன்றே விதியை எழுதினேன். போன் கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் படிப்புத் தவணை முடியும்வரை பாடசாலையிலேயே இருக்கும். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட்டுத்தான் எடுக்கலாம். யாருக்கும் விதிவிலக்கு இல்லை. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது.

விதி நன்மையும் செய்தது, அதை மறைக்கக் கூடாது. சுவரோரம் குனிந்தபடி நின்ற பையன்கள் மறுபடியும் பந்தை உதைத்தார்கள். இடைவேளைக்குச் சத்தம் திரும்பி வந்தது. மேலிருந்து கேட்க, கரையில் குருவிக் கூட்டம் இறங்கியது போலிருக்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை, மாணவத் தலைவிகள் இருவர் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தியை என்னிடம் கூட்டிவந்தார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனுடன் நின்றாளாம். அந்த வருடம்தான் பனிச்சங்கேணியிலிருந்து எங்களிடம் படிக்க வந்திருந்தாள். தினமும் போய்வர முடியாத தூரம். பாடசாலைக்குப் பக்கத்தில் மாமி வீட்டில் தங்கி, சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய் வருவாள். கணக்கில் நல்ல கெட்டிக்காரி. இரட்டைப் பின்னல் முழங்கை வரை தொங்கும். அதிகம் பேசமாட்டாள்.

"யாரோட கதைச்சிக்கிட்டு நிண்ட நீ?" என்று கேட்டேன்.

அவள் பின்னல் நுனியை விரலில் சுற்றினாள்.

"சரி. அம்மாவ ஒருக்காக் கூட்டிக்கிட்டு வா."

"அம்மாக்கு வர ஏலா டீச்சர்."

"அப்பா?"

"அவர் இல்ல."

எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற சாட்டு என்று நினைத்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நான் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். போனை அணைத்துவைக்க மறந்துபோனேன்.

அடுத்த நாள் இடைவேளையில் நான் ஆய்வுகூடத்தில் தனியே இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பத்தரை மணி. அலுமாரி உறுமியது. இரும்புத் தட்டில் போன் அதிர்ந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. நின்றது, மறுபடியும் தொடங்கியது. மூன்றாவது முறை எழுந்துபோய்த் திறந்தேன். நிறுத்தத்தான் போனேன். விரல் தவறிப் பட்டதால் அழைப்புத் திறந்துகொண்டது என்று பிறகு பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. திறந்தது நான்தான்.

திரையில் ஒரு பெண்ணின் முகம். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. பின்னால் வெயிலும் தண்ணீரும். என்னைக் கண்டதும் அந்த முகம் திடுக்கிட்டுப் பின்னால் போனது. உடனே இரண்டு கைகளும் சேர்ந்து கும்பிட்டன.

"பிள்ள வகுப்பில, நான் டீச்சர்" என்றேன்.

அவர் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். பிறகு உதடுகளைத் தொட்டு மறுபடியும் கையை விரித்தார். காதும் கேட்காது, பேச்சும் வராது.

இரண்டு தோள்களிலும் விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தார். இரட்டைப் பின்னல். மகளைக் கேட்கிறார். நான் காற்றில் பேனை பிடித்து எழுதிக் காட்டினேன். அவருடைய முகம் தெளிந்தது. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாளா? அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தலையாட்டினேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் போனை ஒரு கூடையில் சாய்த்துவைத்துவிட்டுக் குந்தியிருந்து வேலையைத் தொடங்கினார். கரையோரக் கொட்டிலொன்றில், மீன் வாடியில், இறால் உடைக்கிற வேலை. தலையைத் திருகி, கோதைக் கழற்றி, ஓர் இழுப்பு. கண் பார்க்காமலே கை செய்தது. அவருக்குப் பின்னால் களப்பின் உப்புநீர் மங்கலான கண்ணாடி போலக் கிடந்தது. ஒரு தோணி போவதும் நிற்பதும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இடைக்கிடை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விடைத்தாளைத் திருத்தினேன். என் ஜன்னலிலும் தண்ணீர், அவருக்குப் பின்னாலும் தண்ணீர். இடைவேளை முடிகிற மணி அடித்தபோது, எங்கேயோ நித்திரையாகிப் போய் எழும்பியது போலிருந்தது.

என் சொந்தப் போனில் பதினொரு குழுக்கள். பேராதனையில் படிக்கும் என் மகள் அனுப்பும் குரல் செய்திகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் கேட்பேன். என்னிடம் எதையும் கேட்காமல், ஒன்றையும் சொல்லாமல், சும்மா என்னோடு இருந்த மனுசி அவர்தான். புதன்கிழமை காலை புளியந்தீவிலிருந்து பாலத்தைக் கடந்து ஸ்கூட்டியில் வரும்போதே பத்தரை மணியை நினைத்துக்கொண்டு வந்தேன். அலுமாரியிலிருந்த போனில் சார்ஜ் குறைந்திருந்தது. ஆய்வுகூடத்து மின்செருகியில் செருகிவிட்டேன். பிள்ளையின் போனுக்குச் சார்ஜ் போடும் ஒழுக்காற்றுக் குழுத் தலைவி. அதை நினைத்து அப்போது சிரிப்புத்தான் வந்தது.

புதனும் வியாழனும் அப்படியே போயின. அவர் எனக்கு ஒரு பெரிய நண்டைத் தூக்கிக் காட்டினார். வாடிக் கூரையில் கூடு கட்டியிருந்த குருவியைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் இரண்டு தோளிலும் விரல்களை இழுத்துக் கேட்டார். ஒவ்வொரு நாளும் நான் காற்றில் எழுதிக் காட்டினேன். வியாழக்கிழமை கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு வர நேரமெடுத்தது. நான் அதைக் கண்டேன். ஆனால் அந்தப் பிள்ளையை மேலே கூப்பிட்டு, இந்தா அம்மா, கதை என்று கொடுக்க எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் விதி என்னாவது? கீழே அவள் மைதானத்து மரத்தடியில் தனியே இருப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வாடியில் இல்லை. ஏதோ வீட்டு வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது. வயிற்றை ஒரு கையால் அழுத்தித் தடவினார். வீதிப் பக்கம் காட்டினார். இரண்டு விரல்களை நடக்கவிட்டு, பிறகு அந்தக் கையை மற்றக் கைக்குள் வைத்து மூடினார். இரட்டைப் பின்னலைக் காட்டி, உள்ளங்கையைத் தடுப்பது போல நிமிர்த்தினார். மறுபடியும் முதலிலிருந்து செய்தார். மிகவும் கவனமாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று காட்ட வெட்கமாக இருந்தது. நான்கு நாட்கள் பேசிவிட்டேனே. தலையாட்டினேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, கும்பிட்டுவிட்டு, அழைப்பை வைத்தார்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. போனும் ஒலிக்கவில்லை. பத்தரை மணிக்கு அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை, மணி அடிக்க முன்னரே அவள் ஆய்வுகூட வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

"என்ட அம்மாவோட நீங்க கதைச்ச நீங்களா டீச்சர்?"

"ஓம்" என்றேன்.

"வெள்ளிக்கிழம அம்மாக்கு வயித்துக்குத்து. பக்கத்து வீட்டாக்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போறாங்க, வீடு பூட்டிக் கிடக்கும், மகள் இங்க வர வேணாம், மாமி வீட்டிலயே நிக்கட்டும் எண்டு சொன்னவவாம். நீங்க ஓமோமெண்டு தலையாட்டினீங்களாம்."

நான் மேசையைப் பார்த்தேன்.

"நான் சனிக்கிழம விடிய வெள்ளெனப் போனன். வீடு பூட்டு. பக்கத்து வீட்டிலயும் ஒருத்தரும் இல்ல. வாடிக்கு ஓடினன், அங்கயும் இல்ல. அம்மாக்குக் கூப்பிட்டாக் கேக்காது டீச்சர். கூப்பிட்டுத் தேட ஏலா. களப்புக் கரையெல்லாம் நடந்து நடந்து பாத்தன். தண்ணிக்குள்ளயும் பாத்தன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. மத்தியானம் அயலவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். தாய்க்குப் பித்தப்பையில் கல்லாம். மூன்று நாள் வைத்திருந்து மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை.

"மாமிக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே, அந்த அயலாக்கள்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்று சொன்னது.

"அம்மா அவங்களிட்ட, டீச்சர் சொல்லுவா எண்டு காட்டினவவாம்."

பிறகுதான் அவள் மற்றதையும் சொன்னாள். தாய் ஒருநாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துத் தெரியாது. முறையாகக் கற்றுக்கொடுக்கிற சைகை மொழியும் தெரியாது. தாயும் தகப்பனும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள், மகள் பிறந்தபின் கூடி வளர்ந்த சைகைகள், அவ்வளவுதான். தகப்பன் செத்த பிறகு அந்தப் பாஷையை முழுதாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். மாமியிடம் இருப்பது பட்டன் போன். முகம் காட்டாத போனால் தாய்க்கு என்ன பயன்? தாய்க்கு வாடியில் ஓய்வு கிடைப்பது பத்தரைக்கு. மகளுக்கும் பத்தரைக்கு இடைவேளை. பாடசாலை விட்டு, தனியார் வகுப்புகளுக்கும் போய் இவள் மாமி வீடு சேரும்போது இருட்டிவிடும், தாயின் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் கை சரியாகத் தெரியாது.

"ஏன் புள்ள இத முதலே சொல்லல்ல?"

"சொன்னா என்ன செய்திருப்பீங்க? விதிவிலக்கு இல்லையெண்டுதானே எழுதிப் போட்டிருக்கு." பிறகு சொன்னாள், "ஊமச்சிட மகள் எண்டு சொல்லுவாங்க. ஊரில சொன்னது போதும்."

நான் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. "என்ன மன்னிச்சிக்க" என்றேன். அவள் போனைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அந்தக் கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை, சார்ஜ் போட்டது உட்பட. அதிபர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒராளுக்கு விட்டா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்களே டீச்சர்" என்றார்.

"வரட்டும் சேர். நூறு பேரிட்டயும் ஏனெண்டு கேப்பம். நான் ஒராளிட்டயும் கேக்கல்ல."

நீண்ட நேரம் பேசினோம். விளையாட்டு ஆசிரியர் கடுமையாக எதிர்த்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பொய்க் கணக்கில் அவருடைய மகளின் படமும் இருந்தது. முடிவில் விதி நின்றது, கடைசி வரி மட்டும் போனது. காரணம் உள்ள பிள்ளைகளின் போன் காலையில் அலுவலகத்துக்கு வரும். இடைவேளையில் அங்கேயே ஒரு மூலையில் இருந்து பேசலாம். பாடசாலை விடும்போது கொண்டுபோகலாம். அலுமாரித் திறப்பும் ஒழுக்காற்றுக் குழுப் பொறுப்பும் என்னிடமிருந்து உதவி அதிபருக்குப் போயின. நானாகவே கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். அதிபர் கேட்டார், கொடுத்தேன்.

நூறு பேர் வரவில்லை. குவைத்தில் தாய் இருக்கிற அண்ணன் தங்கை இருவர் வந்தார்கள். தகப்பனுக்கு வலிப்பு வருகிற ஒரு பையன் வந்தான். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஒருவன் மாமாவுக்குச் சுகமில்லை என்று வந்து, இரண்டாம் நாளே அகப்பட்டான். அந்தப் பிள்ளை முதல் நாள் அலுவலக மூலையில் சுவரைப் பார்த்தபடி, யாருக்கும் கை தெரியாமல், நெஞ்சோடு ஒட்டி மிகச் சின்னதாகப் பேசினாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கணக்குக் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, "அம்மா உங்கள வரட்டாம்" என்றாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவளோடு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் நீர் விரிந்தது. கடல் எது, களப்பு எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெண்மை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசினார். வலை விரிந்த இடத்தில் மட்டும் வானம் சிறிது நேரம் நொறுங்கி, பிறகு ஒட்டிக்கொண்டது. அந்தக் கரையில்தான் இவள் நடந்து நடந்து தேடியிருக்கிறாள். எனக்கு ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கத் தோன்றியது, எடுக்கவில்லை.

தாய் வாசலில் நின்றார். திரையில் பார்த்ததைவிட உயரம். கிட்ட வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இறாலும் சவர்க்காரமும் கலந்த மணம். பாயில் இருக்கவைத்துத் தேத்தண்ணி தந்தார். பிறகு எனக்கு முன்னால் இருந்து கைகளை அசைத்தார். மகள் சொன்னாள்.

"விளங்கல்ல எண்டு ஏன் காட்டல்ல எண்டு கேக்கிறா."

"வெக்கமா இருந்திச்சு. அதோட, விளங்கல்ல எண்டு காட்டினா அவ இனி எடுக்கமாட்டா எண்டும் பயமா இருந்திச்சு எண்டு சொல்லு."

மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பிச் சொன்னாள். அவளுடைய கைகளை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அந்தக் கைகளோ விரிந்து, மடங்கி, ஒன்றையொன்று துரத்தி, முகம் முழுவதையும் கூடவே இழுத்துக்கொண்டு போயின. நான் சொன்னதைவிட எவ்வளவோ கூடுதலாகச் சொன்னாள். தாய் கேட்டுக்கொண்டேயிருந்தார், கண்ணால். நடுவில் சத்தமாகச் சிரித்தார். கரகரத்த, பெரிய சிரிப்பு.

"என்ன சொன்னவ?"

"அம்மா உங்களுக்கு ஒரு பேர் வச்சிருக்கிறா." அவள் தலையை இரண்டு முறை மெதுவாக ஆட்டிக் காட்டினாள். "இதுதான் உங்கட பேர். முதல் நாளே வச்சவவாம்." சொல்லிவிட்டு, அந்த நாளில் முதல் தடவையாக அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அயர்ந்து தூங்கிவிட்டேன்.

அதன் பிறகு அவள் அலுவலகத்தில் சுவரைப் பார்த்து இருக்கவில்லை. தோழிகள் இருவர் கூட வந்து நின்று தாய்க்குக் கை காட்டினார்கள். இரண்டு மூன்று சைகைகளைப் பழகிக்கொண்டார்கள். அது மெல்ல உயர்தர வகுப்பு முழுக்கப் பரவியது. சத்தமில்லாமல் பேச வசதியான பாஷை கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்? பௌதிகவியல் ஆசிரியர் ஒருநாள் கூட்டத்தில், பாடவேளை முழுக்க வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கையாலேயே கதை நடக்கிறது, இதற்கும் ஒரு விதி வேண்டும் என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் இப்போது ஒழுக்காற்றுக் குழுவில் இல்லையே என்றேன்.

அவள் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். கணிதத்தில் நல்ல பெறுபேறோடு சித்தியடைந்தாள். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறாள். தூரத்தில் கிடைத்தால் தாயையும் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறாள், தாய் களப்பை விட்டு வரமாட்டேன் என்கிறார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. போன ஞாயிறு இருவரும் வீடியோவில் வந்து, நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையசைத்ததில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மெதுவாக, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.